பின்புத்தகத்து வீடு

மூங்கில் நடுகிற வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் சேற்றில் நின்று மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்தர் படகின் விளிம்பில் நின்று மரச்சம்மட்டியால் அதன் தலையில் அடிக்க வேண்டும். துமோக்கரையில் ஹான் பான்சு பிடிப்பார், பக்கத்து வீட்டு ஹான் யோங்பால் அடிப்பார். சம்மட்டி ஒரு சாண் விலகினால் பான்சுவின் மண்டை போய்விடும். இத்தனை வருஷத்தில் விலகியதில்லை. அடி விழும்போது பான்சு கண்ணை மூடுவதுகூட இல்லை.

கடல் வற்றியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. இந்த மூங்கில்களில் வலை கட்டினால் வலையில் தின்கிற கடற்பாசி பிடிக்கும். குளிர் முற்ற முற்றப் பாசி வளரும். அதை அறுத்து, கொத்தி, தாள் தாளாகக் காயவைத்து விற்றால்தான் வருஷத்துக்குச் சோறு.

“கரையப் பாரு. ஒன் பூசான் மகாராணி வந்து நிக்குறா” என்றார் யோங்பால், சம்மட்டியை ஊன்றிக்கொண்டு.

கரைமேட்டில் பழுப்புக் கோட்டும் பெட்டியுமாகப் பான்சுவின் மகள் கும்ஹி நின்றாள். இருபத்தாறு வயசு. பூசானில் செருப்புக் கம்பெனியில் வேலை. கம்பெனி லீவு விடுகிற மாசம் இது இல்லை.

“பண்டிகைக்கு வந்துட்டு இப்பத்தான போனா?” என்றார் பான்சு.

“ஒனக்குப் பணம் கொண்டாந்துருப்பா. ஒத்தப் புள்ளன்னாலும் ஒழைக்கிற புள்ள. எனக்கும் ரெண்டு இருக்கே, வர்றப்பல்லாம் திரும்பிப் போக பஸ் காசு கேக்குறானுங்க.”

அவள் கோட்டில் வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் மட்டும் போடாமல் இருந்ததை அவர் அங்கிருந்தே பார்த்துவிட்டார். அடுத்த மூங்கிலைப் பிடித்தார். சம்மட்டி இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம் பார்லி கலந்த சோறும் முள்ளங்கி போட்ட மீன் குழம்பும். கும்ஹியின் அம்மா கிம்ச்சியைக் கையால் நீளநீளமாகக் கிழித்து மகள் தட்டில் வைத்தாள். வைத்துக்கொண்டே கேட்டாள், இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

“எத்தன மாசம்?”

“நாலு.”

“யாரு?”

“தேகில்னு. எங்க கம்பெனியில மிஷின் ரிப்பேர் பாத்தான். இப்ப சவுதியில கட்டட வேலைக்குப் போயிருக்கான். ரெண்டு வருஷ ஒப்பந்தம்.”

“போயிருக்கானா, ஓடிப்போயிட்டானா?”

“போயிருக்கான்மா. வாராவாரம் கடுதாசி போடுறான்.”

“அப்ப எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க? வந்ததும் கல்யாணத்த முடிச்சிரலாம். ஊர் ஒலகத்துல செய்யாததையா செஞ்சுட்ட? யோங்பால் பொண்டாட்டி என்ன, கல்யாண உடுப்ப ரெண்டு தடவ பிரிச்சுத் தச்சவதான.”

“அவன் குடும்பப் பேரு ஹான்.”

அம்மாவின் கை நின்றது. பான்சு அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“எந்த ஊரு ஹான்?”

நாட்டில் ஹான்களுக்குப் பஞ்சமில்லை. பூர்வீக ஊர் வேறாக இருந்தால் ஒன்றுமில்லை. அவர்கள் யாரோ, இவர்கள் யாரோ.

“தோக்சான் ஹான்” என்றாள் கும்ஹி.

இவர்களும் தோக்சான் ஹான். ஆக, பங்காளி. முப்பது தலைமுறைக்கு முன்னால் ஒரே தாத்தா என்று குலப் புத்தகம் சொல்கிறது, சட்டமும் அதையே சொல்கிறது. சேர்ந்து வாழ்ந்தால் போலீஸ் பிடிக்காது. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் கல்யாணம் ஏறாது. பதிவேட்டில் ஏறாதவள் பெண்டாட்டி இல்லை. அவள் பெற்றது அப்பன் பெயர் இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடம், பட்டாளம், வேலை, பெண் பார்ப்பது, எங்கே போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்டச் சொல்வார்கள்.

“அவன் பேருல ‘தே’ வருதே” என்றாள் அம்மா. குலத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயரில் ஒரு பொது எழுத்து. எழுத்தைப் பார்த்தால் யாருக்கு யார் என்ன முறை என்று சொல்லிவிடலாம். அவள் விரலை மடக்கி எண்ணினாள். “ஒனக்கு ரெண்டு தலைமுறை கீழ. முறைப்படி அவன் ஒனக்குப் பேரன்டி.”

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவளே சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு மூக்கைச் சிந்தினாள்.

கும்ஹி பெட்டியைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். “அப்பா, நாம தோக்சான் ஹான் இல்ல.”

துமோக்கரையில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயமும் அதுதான். குலப் புத்தகம் பல தொகுதி. நூறு வருஷத்துக்கு முன்னால் அதை அச்சடித்தபோது கடைசியில் மெலிசாக ஒரு தொகுதி சேர்த்தார்கள், அதுதான் பின்புத்தகம். பிறப்பால் வராமல், நெல்லோ நிலமோ கொடுத்து வந்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஊரில் அப்படி ஏழு வீடு. குடிக்கிற இடத்தில் பேச்சு முற்றினால் யாராவது ஒருத்தன் “பின்புத்தகத்தானுக்கு வாயப் பாரு” என்பான். மறுநாள் காலையில் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. பான்சுவுக்கு மட்டும் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கும்.

காகிதங்கள் பழைய குடிக்கணக்கின் நகல்கள். ராஜா காலத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாக எழுதியது. இந்த மாவட்டத்துக் கணக்கைப் படம் பிடித்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள், பூசான் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கும்ஹி லீவு நாளெல்லாம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் சீன எழுத்து. வீட்டுத்தலைவன், மனைவி, அடிமை, அடிமையின் தாய், ஓடிப்போனவன். இந்த ஐந்தாறு எழுத்துக்களை முதலில் கற்றுக்கொண்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டே பக்கம் பக்கமாக நகர்ந்திருக்கிறாள்.

“இது பெரிய வீடு. இப்ப இருக்காரே சுங்வொன், அவரோட முன்னோரு. வீட்டு ஆளுங்கள எழுதுனப்புறம் கடைசில அடிமைங்க. இங்க பாருங்க. மாங்சே, எட்டு வயசு. குடும்பப் பேரு கெடையாது. அம்மா பேரு ஒக்தான், அவளும் அடிமை.” விரலை அடுத்த காகிதத்துக்கு நகர்த்தினாள். “இது ரொம்ப வருஷம் கழிச்சு. பெரிய வீட்டுல மாங்சே இல்ல. ஆனா நம்ம துமோக்கரையில புதுசா ஒரு வீடு. தலைவன் பேரு ஹான் மாங்சே. தோக்சான் ஹான்னு போட்டுருக்கான்.”

“ஒரு பேருல ரெண்டு பேரு இருக்க மாட்டாங்களா?”

“அம்மாவ வச்சுத்தான் புடிச்சேன். குடும்பப் பேரு சேத்துக்கிட்டான், பூர்வீக ஊரு சேத்துக்கிட்டான், வயசுல நாலக் கொறச்சுக்கிட்டான். அம்மா பேர மட்டும் மாத்தல. ஒக்தான்.”

பான்சு அந்த எழுத்தைப் பார்த்தார். அவருக்கு அது படிக்கத் தெரியும்.

“கோர்ட் வாசல்ல மனு எழுதுறவர்கிட்ட கேட்டேன். நாம அந்தக் குலம் இல்லன்னு நிரூபிச்சா, பூர்வீகத்த மாத்தி எழுத கோர்ட் உத்தரவு போடும். அப்புறம் கல்யாணம் பதிவாகும். குடும்பத் தலைவர் நீங்க, ஒங்க முத்திரை வேணும். அப்புறம் மாங்சேயில இருந்து தாத்தா வரைக்கும் யாரு மகன் யாருங்கற வரிசை வேணும். அது பின்புத்தகத்துல இருக்கும். நம்ம வீட்டு அலமாரியில பாத்துருக்கேன். எடுத்துக் குடுங்கப்பா.”

“இல்ல.”

“தர மாட்டீங்களா?”

“புத்தகம் இல்லன்னேன். எரிச்சாச்சு.”

பத்து வருஷத்துக்கு முன்னால் குலப் புத்தகத்தை மறுபடி அச்சடித்தபோது நடந்தது அது. பணம் கட்டுகிற பின்புத்தக வீடுகளை முன்தொகுதிகளில் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. வாரிசு இல்லாமல் செத்துப்போன யாரோ ஒருத்தனுக்குப் பிள்ளை பிறந்ததாக எழுதி, அந்தக் கிளையில் இவர்களை ஒட்டவைப்பார்கள். பான்சு தன் படகை விற்றார். அன்றிலிருந்து யோங்பாலின் படகில்தான் வேலை. ஏழு வீட்டுப் பின்புத்தகப் பிரதிகளையும் குலக் கோயில் முற்றத்தில் குவித்தார்கள்.

“நான்தான் மண்ணெண்ணெய் ஊத்துனேன்” என்றார் பான்சு. “ஒனக்காகத்தான் செஞ்சேன். மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்தா மொதல்ல புத்தகத்தத்தான் பொரட்டுவான். கடசித் தொகுதியில பேரப் பாத்தான்னா காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருவான்.”

“இப்ப முன்புத்தகத்துல இருக்கோம்.”

“இருக்கோம்.”

“நல்லா இருக்கோம்” என்றாள் கும்ஹி.

பான்சுவுக்குக் கோபம் வந்தது. “நீ என்ன கேக்குறன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா? எங்கப்பா அம்மா குலத்து மலையில படுத்துருக்காங்க. நாங்க ஒங்காளு இல்லன்னு எழுதிக் குடுத்தா, தோண்டி எடுத்துட்டுப் போன்னு மறுநாளே சொல்லுவான்.”

“உள்ள இருக்கறவங்களுக்கு எங்க இருந்தா என்னப்பா?”

“நீ சொல்லலாம். எலும்ப அள்ளப்போறவன் நானு.”

கும்ஹி கெஞ்சவில்லை. காகிதங்களை அங்கேயே விட்டுவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அம்மா காகிதங்களைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

“ஒங்க புத்தகத்துல என் பேரு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“யூன் வீட்டுப் பொண்ணுன்னு இருக்கு.”

“பேரு கெடையாது?”

“பொம்பளைங்க பேரு போடுறதில்ல.”

“அதான் எனக்கு இதுல பயமே வரல” என்றாள் அவள்.

நாலைந்து நாள் பான்சு சேற்றுக்குப் போனார், வந்தார். அப்புறம் ஒரு நாள் காய்ந்த கணவாய் ஒரு கட்டும் ஒரு பாட்டில் சோஜுச் சாராயமும் எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்கு ஏறினார்.

சுங்வொன் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து, இனிப்பு வற்றல் போடுவதற்காகச் சீமைப்பனிச்சைக் காய்களைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயசு. குலத்தின் மூத்த கிளையின் மூத்த வாரிசு. சீவிய காய்களைக் கயிற்றில் கோத்து இறவாரத்தில் தொங்கவிட்டிருந்தார். கூரை ஓட்டில் புல் முளைத்திருந்தது.

“வாங்க சித்தப்பா.”

பத்து வருஷமாக இப்படித்தான். பான்சுவை ஒட்டவைத்த கிளையில் அவருக்குச் சித்தப்பா ஸ்தானம் விழுந்திருந்தது. அதற்கு முன்னால் இதே சுங்வொன், பதினைந்து வயசுப் பையனாக இருந்தபோதே, “பான்சு, அந்த மூட்டைய எறக்கு” என்பான். சித்தப்பா என்கிற வார்த்தை ஒவ்வொரு தடவையும் பான்சுவின் காதில் சிறு கல் மாதிரி விழும்.

விஷயத்தைச் சொன்னார். சுங்வொன் கத்தியை நிறுத்தாமல் கேட்டார்.

“அது தெரிஞ்ச கததான சித்தப்பா. எங்க கொள்ளுத்தாத்தா சூதாடி. வீட்டுல இருந்த மாட்ட வித்தாரு, வயல வித்தாரு, விக்கிறதுக்கு ஒண்ணுமில்லாமப் போனப்புறம் தாத்தன் பாட்டன வித்தாரு.”

“அத ஒரு காயிதத்துல எழுதி, குலத்து முத்திரைய வச்சுக் குடுங்க. போதும்.”

“முடியாது.”

“போறேன்னுதான் சொல்றேன். வர்றேன்னு சொல்லலியே. போனா ஒங்களுக்கு நல்லதுதான? கலப்படம் ஒண்ணு கொறையும்.”

சுங்வொன் காயைக் கீழே வைத்தார். கையெல்லாம் பிசுபிசுப்பு.

“போன மாசம் மலையில புல்லறுத்தது யாரு?”

“நாங்க.”

“நாங்கன்னா?”

“நானு, யோங்பாலு, மத்த அஞ்சு வீடும்.”

“என் கூடப்பொறந்தவனுங்க மூணு பேரு சியோல்ல இருக்கானுங்க. பணம் அனுப்புவானுங்க, ஆள் வராது. என் மகன் அமெரிக்கா போறேங்குறான். பின்புத்தகத்து ஏழு வீடும் இல்லன்னா அந்த மலையில காட்டுப்பன்னிதான் வந்து கும்புடும். ஒங்களுக்கு எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் இன்னொருத்தன் வருவான். என் பாடையத் தூக்க யாரு இருப்பா?”

“அப்ப இன்னும் நாங்க ஆளுதான்.”

“யாரு ஆளு இல்ல, சொல்லுங்க. பொறந்ததுல இருந்து இந்தப் பொணங்களுக்கு நான் வேலக்காரன். வருஷத்துக்கு எத்தன படையல்! சமைச்சுச் சமைச்சுச் சலிச்சு என் பொண்டாட்டி சியோலுக்கே போயிட்டா. நீங்களாவது வெல குடுத்து வாங்கினீங்க. எனக்கு ஓசியில தலையில கட்டிட்டானுங்க.”

சோஜுவை இரண்டு பேரும் குடித்தார்கள். கிளம்பும்போது சுங்வொன் நன்றாகப் பழுத்த பழமாக நாலைந்தைத் தேடி எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். “கும்ஹிக்குக் குடுங்க. இந்த மாதிரி நேரத்துல இனிப்புக் கேக்கும்.” மனசாரத்தான் கொடுத்தார். அதுதான் பான்சுவுக்குத் தாங்கவில்லை. இறக்கத்தில் பழங்களை ஓடையில் போட்டுவிடலாம் என்று நினைத்தார். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோனார். கும்ஹி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தின்றாள்.

சந்திரக் கணக்கில் பத்தாம் மாசம், குலத்து மலையில் வருஷப் படையல். காற்று உயிரை எடுத்தது. முழ உயரத்துக்கு அடுக்கிய அரிசி அப்பம், முழு மீன், வெந்த பன்றித்தலை எல்லாம் அடிவாரத்திலிருந்து முதுகில் ஏற வேண்டும். முன்புத்தகத்துக்கு வந்த பிறகும் ஏழு வீட்டார்தான் சுமந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே கூடையை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை அங்கி போட்டு வரிசையாக நின்று எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். பான்சு கடைசி வரிசை.

கும்பிட்டு முடிந்து பாயில் உட்கார்ந்து சாப்பிடும்போது பான்சு எழுந்து நின்றார். பேசிப் பழக்கமில்லாத ஆள். கையில் இருந்த கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“எல்லாருக்கும் ஒரு வார்த்த. எங்க வீடு ஒங்க ரத்தம் இல்ல. எங்க பாட்டன் பெரிய வீட்டு அடிமை. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். அத யாராவது ஒருத்தர் எழுதிக் குடுங்க. என் மகளுக்கு வேணும்.”

மெல்லுகிற சத்தம் நிற்கவில்லை. ஒருத்தர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் இந்த வருஷம் காற்று அதிகம் என்றார். மேல்வரிசையில் இருந்த கிழவர் ஒருத்தர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “பான்சு ரொம்பக் குடிச்சிருக்கான். யாராவது கீழ கொண்டுபோய் விடுங்கப்பா.”

பான்சு அன்று ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

எழுந்து வந்தது யோங்பால்தான். வந்தவர் பான்சுவின் அங்கியின் கழுத்தைப் பிடித்தார்.

“என்னடா சொன்ன? எங்க வீடுன்னு மட்டுமாடா சொன்ன? ஒன்னத் தோண்டுனா எங்க எல்லாரையும் தோண்டுவானுங்கடா. என் சின்னவனுக்கு வசந்தத்துல கல்யாணம். ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் பேசுற. ஒன் மவ வயித்துக்கு என் மவன் தலையக் கேக்குறியா?”

“நான் என் வீட்டப் பத்தித்தான்...”

யோங்பால் அறைந்தார். சம்மட்டி பிடித்த கை. பான்சு கிண்ணத்தோடு புல்லில் விழுந்தார். விழுந்த இடம் யாருடைய கல்லறை மேடு என்று அவருக்குத் தெரியவில்லை. பாயில் ஒருத்தர் “சேச்சே, படையல் நாளும் அதுவுமா” என்றார். அது அறைந்தவருக்கா விழுந்தவருக்கா என்று சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் யோங்பாலின் படகு பான்சுவை ஏற்றவில்லை. பான்சு பக்கத்து ஊரில் ஒரு ஓட்டைப் படகை வாடகைக்குப் பிடித்தார். தனியாகத் தள்ளிக்கொண்டு போய், தனியாகக் குனிந்து வலையிலிருந்து பாசியைப் பறித்தார். விரல் மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார். முற்றத்தில் கும்ஹி இரண்டு கையிலும் கத்தி வைத்துப் பாசியைக் கொத்தினாள். வயிறு பலகையில் இடித்தது. தள்ளி உட்கார்ந்து கையை நீட்டிக் கொத்தினாள். அம்மா அதைத் தண்ணீரில் கரைத்து நாணல் தட்டியில் சட்டத்தை வைத்து ஊற்றுவாள். ஊற்றிய தட்டிகளைத் தெற்கு வெயிலில் கட்டி நிறுத்துவார்கள். ஒரு மழை வந்தால் அத்தனையும் குப்பை. அந்த வருஷம் மழை இரண்டு முறை வந்தது.

கும்ஹி எழுதிய கடிதத்துக்குத் தேகிலின் அப்பாவிடமிருந்து பதில் வந்திருந்தது. வேறு மாவட்டத்தில் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். பங்காளி வயிற்றில் வந்த பிள்ளை தன் குடும்பப் பதிவேட்டில் ஒரு கோடாகக்கூட ஏறாது, மகன் ஒப்பந்தம் முடிந்து வந்தாலும் அதே பதில்தான் என்று இரண்டே வரி. தேகிலும் எழுதியிருந்தான். ஆறு பக்கம். மணல், வெயில், எப்படியாவது, கொஞ்சம் பொறுத்துக்கொள். கும்ஹி அதை ஒருமுறை படித்தாள்.

“ஆம்பளப் புள்ளையாப் பொறந்தா” என்றாள் அம்மா ஒரு நாள், சட்டத்தில் பாசியை ஊற்றிக்கொண்டே, “நம்ம பேருல எழுதிரலாம்.”

“நம்ம பேருலன்னா?”

“ஒங்களுக்கும் எனக்கும் பொறந்ததா.”

“ஒனக்கு ஐம்பத்திரெண்டு வயசு.”

“மாசம் நின்னு அஞ்சு வருஷமாச்சுன்னு பதிவேட்டுக்கு யாரு போய்ச் சொல்லப்போறா? நம்ம ஊர்லயே ரெண்டு வீட்டுல நடந்துருக்கு. அப்பன் கட்டம் காலியா இருக்கறதுக்கு, ஒங்க பேரு இருக்கட்டும்.”

கும்ஹி கொத்துவதை நிறுத்தினாள். “பொண்ணாப் பொறந்தா?”

“பொண்ணுன்னா கட்டம் காலியா இருந்தாலும் அவ்வளவு கேக்க மாட்டானுங்க.” சொல்லிவிட்டு அம்மா மகளைப் பார்க்காமல் அடுத்த தட்டியை இழுத்தாள்.

“நான் நூலகத்துல பாத்தேனே, அந்தப் பழைய குடிக்கணக்கு. அதுலயும் இப்படித்தான் எழுதிருப்பாங்களாம்மா?”

“வேற எப்படி எழுதுவாங்க? எழுதுறப்ப நம்மள மாதிரி நாலு பேரு உக்காந்து பேசித்தான எழுதிருப்பாங்க.”

கும்ஹி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “தேகில் வந்து பாத்தா என்ன சொல்லிக் கூப்புடுவான்? இவன் எனக்குத் தம்பின்னா அவனுக்கு ரெண்டு தலைமுறை மேல. பெத்த புள்ளையத் தாத்தான்னு கூப்புடணும்.”

“கூப்புடட்டும். குனிஞ்சு கும்புடட்டும்.”

பான்சு எழுந்து தட்டிகளைப் புரட்டப் போனார். அவருக்கு மகன் கிடையாது. குலப் புத்தகத்தில் அவர் வரி அவரோடு முடிகிறது. யார் வீட்டிலாவது ஒரு பையனைச் சுவீகாரம் எடு என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்புத்தகத்தில் அவர் பெயருக்குக் கீழே ஒரு ஆண் பெயர். அதை நினைத்தபோது மார்புக்குள் ஏதோ ஒன்று இதமாக நகர்ந்தது. இந்த நேரத்தில் அப்படி நகர்ந்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் அது நகர்ந்தது.

வசந்தத்தில், கடைசிப் பாசி அறுத்து வலைகளைக் கழற்றுகிற சமயம், ஆண் பிள்ளை பிறந்தது. வீட்டிலேயே பிரசவம். அதனால் ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லை. பிறப்பைப் பதிய இரண்டு சாட்சிகள் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையை வைக்க வேண்டும்.

பான்சு பெரிய வீட்டுக்கு ஏறினார். சுங்வொன் ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய் முத்திரையை எடுத்து வந்து, வாயால் ஊதி, நேராக அழுத்தி வைத்தார். “வாழ்த்துக்கள் சித்தப்பா. நமக்கு ஒரு ஆளு கூடிருக்கு” என்றார். உண்மைக்கு வராத முத்திரை இதற்குத் தயங்காமல் வந்தது.

இரண்டாவது முத்திரைக்கு யாரிடம் போவதென்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து யோங்பாலின் பெண்டாட்டி, பிள்ளை பெற்றவளுக்கான கடல்கீரையை ஒரு சுருள் எடுத்துக்கொண்டு வந்தாள். கீரைக்குள் துணியில் சுற்றி யோங்பாலின் முத்திரை இருந்தது.

“வெளியில இருக்காரு” என்றாள் அவள். “வரக் கூச்சப்படுறாரு.”

பான்சு வெளியே போனார். யோங்பால் வேலியோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சின்னவன் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது” என்றார்.

“கேள்விப்பட்டேன்.”

“ஒன் ஓட்டப் படகத் திருப்பிக் குடுத்துரு. மூங்கில் புடிக்க ஆள் இல்லாம என் கை நமநமங்குது.”

“சரி.”

“பையன் யாரு மாதிரி இருக்கான்?”

பான்சு கொஞ்சம் யோசித்தார். “என்னய மாதிரி” என்றார்.

யோங்பால் தலையாட்டினார். “அப்ப அழகு கெடையாது” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கும்ஹியின் காகிதக் கட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவள் பூசானுக்குத் திரும்பிப் போகவேண்டிய தேதியை மட்டும் கம்பெனியிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள்.

பதிவு அலுவலகம் பஸ் போகிற ஊரில் இருந்தது. பிள்ளையைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. ஆனால் கும்ஹி வருகிறேன் என்றாள். பான்சு தடுக்கவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் பிள்ளையை மார்போடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குமாஸ்தா இளைஞன். மையைத் தொட்டுத் தொட்டு எழுதினான்.

“பையன் அப்பா பேரு?”

“ஹான் பான்சு.”

“பூர்வீகம்?”

“தோக்சான்.”

“அம்மா பேரு?”

“யூன் சுன்நே.”

“வயசு?”

“ஐம்பத்திரெண்டு.”

பேனா நின்றது. குமாஸ்தா பான்சுவைப் பார்த்தான். இரண்டு சாட்சி முத்திரைகளைப் பார்த்தான். கோணலில்லாமல் தெளிவாக விழுந்திருந்தன. அவன் அந்த ஊர்ப்பக்கத்துப் பையன்தான். மறுபடி மையைத் தொட்டு எழுதினான்.

“அதிர்ஷ்டக்காரர் ஐயா நீங்க. இந்த வயசுல வாரிசு.”

“ஆமா” என்றார் பான்சு.

பிள்ளை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. பசி அழுகை. கும்ஹி தோளில் போட்டுத் தட்டினாள். அது நிற்கவில்லை. அவள் சட்டையின் முன்பக்கம் மெல்ல நனைந்து கறுத்தது. அவள் துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். குமாஸ்தா ஈரத்தைப் பார்த்தான், சட்டென்று காகிதத்துக்குப் பார்வையைத் திருப்பினான். ஏதாவது பேசவேண்டுமே என்று கேட்டான்.

“நீங்க யாரு பையனுக்கு?”

பான்சு மேஜையின் மரவரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் பதில் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார்.

“அக்கா” என்றாள் கும்ஹி.

குமாஸ்தா தலையாட்டினான். அந்தப் படிவத்தில் அதை எழுதக் கட்டம் எதுவும் இல்லை. சும்மாதான் கேட்டிருந்தான்.